கால்குலேட்டரில் மூலம் தேடுதல்: எச்பி-15சி-யின் சால்வ் பட்டனும் அது தடுமாறும் இடங்களும்

கேள்வி இது: எச்பி-15சி கால்குலேட்டரில் நியூட்டன்-ராப்சன் முறைக்கு (வகைக்கெழுவை வைத்து மதிப்பீட்டைச் சுற்றுக்குச் சுற்று திருத்தும் முறை) நானே ஒரு புரோகிராம் எழுதிப் போட்டிருக்கிறேன். சில சமன்பாடுகளுக்கு மூன்று நான்கு சுற்றிலேயே விடை வந்துவிடுகிறது. சிலவற்றுக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் சிலவற்றில் வரும் விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டால் பொருந்தவில்லை. சமன்பாட்டின் விடையைத் தானே தேடித் தர கால்குலேட்டரிலேயே இருக்கும் சால்வ் பட்டனை நம்பலாமா? அதில் ‘எரர் 8’ ஏன் வருகிறது?

நம்பலாம். கையடக்கக் கால்குலேட்டரில் சால்வ் பட்டன் முதலில் வந்தது 1979-இல், எச்பி-34சி-யில். அதன் பின்னால் இருந்த கணித மூளை பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான். பின்னாளில் ஐஇஇஇ 754 என்ற மிதவைப் புள்ளி எண்முறைத் தரத்துக்கு அடித்தளம் போட்டவர். 1982-இல் வந்த 15சி-க்கும் அந்த வழிமுறையே போனது. அவசரமாக எழுதிய பத்து வரி நியூட்டன் புரோகிராமைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கால்குலேட்டருக்கு உங்கள் சமன்பாடு தெரியாது. ஒரு எண்ணை உள்ளே போட்டால் இன்னோர் எண் வெளியே வரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த வெளிவரும் எண்ணின் குறி எங்கே கழித்தலிலிருந்து கூட்டலுக்கு மாறுகிறது என்று தேடிப் போகிறது. அங்கே இருப்பது உண்மையில் மூலம்தானா, அதாவது சார்பைப் பூஜ்யமாக்கும் எண்தானா என்று பார்ப்பது நம் வேலை. நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

எழுத வசதியாக, தெரியாத எண்ணை ‘ம’ என்றும் அதன் சார்பை ச(ம) என்றும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சுலபமான சமன்பாடு: ம³ − 2ம − 5 = 0. நியூட்டனே தம் முறையை விளக்க எடுத்துக்கொண்ட சமன்பாடு இது. நம் பொறியியல் பாடப்புத்தகங்களிலும் தவறாமல் வரும். 15சி-யில் சால்வ் ஒவ்வொரு முறை உங்கள் புரோகிராமைக் கூப்பிடும்போதும், கணக்கில் இருக்கும் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் அடுக்கின் நான்கு தளங்களிலும் (எக்ஸ், ஒய், இசட், டி) ம-வையே நிரப்பிக் கொடுக்கும். இதைப் பயன்படுத்திக்கொண்டால் ம-வை நினைவகத்தில் சேமிக்கவே வேண்டாம். சமன்பாட்டை (ம × ம − 2) × ம − 5 என்று உள்ளிருந்து வெளியாக அடுக்கி எழுதினால் புரோகிராம் எட்டே படி (எல்பிஎல் அதன் பெயரைக் குறிக்கும் தொடக்கம், ஆர்டிஎன் அதன் முடிவு):

எல்பிஎல் ஏ
×
2
−
×
5
−
ஆர்டிஎன்

நீலநிற ஜி பட்டன், பிறகு பி/ஆர் அழுத்தினால் புரோகிராம் எழுதும் நிலைக்குப் போகும். எல்பிஎல் ஏ போட்டதும் திரையில் 001-42,21,11 என்று வர வேண்டும். இவை பட்டன்கள் இருக்கும் இடத்தின் எண்கள்: 4-ஆம் வரிசை 2-ஆவது, 2-ஆம் வரிசை முதலாவது, முதல் வரிசை முதலாவது. அடுத்து × போட்டால் 20, − போட்டால் 30. படிக்குப் படி இதைச் சரிபார்த்துக்கொண்டே போனால் பிழை அப்போதே கண்ணில் படும்.

முதல் × என்ன செய்கிறது என்று பாருங்கள். நான்கு தளத்திலும் ம இருக்கிறது; பெருக்கியதும் கீழே ம², அதற்கு மேலே எல்லாம் ம. 2 போட்டுக் கழித்தால் கீழே ம² − 2, மேலே இன்னமும் ம காத்திருக்கிறது. அடுத்த × அதை எடுத்துக்கொள்கிறது. என்டர் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

பி/ஆர் மறுபடி போட்டு வெளியே வந்து, ‘2 என்டர் 3’ என்று இரண்டு ஆரம்ப மதிப்புகளைக் கொடுத்து, எஃப் சால்வ் ஏ அழுத்துங்கள். 2.094551482 வரும். இந்த இரண்டு மதிப்புகளை ஏனோதானோ என்று கொடுக்காதீர்கள். ச(2) = −1, ச(3) = 16; குறி மாறுகிறது, ஆக இடையில் மூலம் உண்டு. சால்வ் போடும் முன் இப்படி நாலைந்து இடத்தில் மதிப்பைக் கணக்கிட்டு, மாறும் இடத்தைப் பிடித்துக் கொடுப்பதுதான் முழுவேலையில் முக்கால் பங்கு. ம-வை என்டர் மூன்று தடவை அழுத்தி அடுக்கில் நிரப்பிவிட்டு, ஜிஎஸ்பி ஏ (ஏ புரோகிராமை ஓட்டும் கட்டளை) போட்டால் ச(ம) கிடைக்கும்.

விடை வந்தவுடன் எழுந்து போய்விடக் கூடாது. சால்வ் மூன்று எண்களை விட்டுவைக்கிறது: எக்ஸில் மூலம், ஒய்யில் அதற்கு முந்தைய மதிப்பீடு, இசட்டில் அந்த மூலத்தில் ச(ம)-வின் மதிப்பு. சுழற்று பட்டனை இரண்டு முறை அழுத்தி இசட்டைப் பாருங்கள். பூஜ்யமோ பூஜ்யத்தை ஒட்டிய சிறு எண்ணோ இருந்தால் சரி. பெரிய எண் நின்றால், குறி மாறும் இடத்தைப் பிடித்திருக்கிறது, மூலத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள்.

இதற்கு நல்ல உதாரணம் டேன் ம = ம. டேன் ம − ம என்று அப்படியே எழுதிக் கொடுத்தால் 1.5708-க்கு அருகே (பை-யின் பாதி) குறி மாறும். அங்கே சார்பு மேலே வானத்துக்கும் கீழே பாதாளத்துக்கும் தாவுகிறதே தவிர பூஜ்யத்தைத் தொடுவதில்லை. சால்வ் அங்கே போய் நின்றுவிட வாய்ப்பு உண்டு. இசட்டில் ராட்சத எண் இருக்கும். இதற்கு ஆரம்ப மதிப்பை மாற்றி மாற்றிப் போராட வேண்டாம். இருபுறமும் காஸ் ம-வால் பெருக்கி, சைன் ம − ம × காஸ் ம = 0 என்று மாற்றி எழுதுங்கள். தாவல் மறைந்துவிடும், 4-க்கும் 5-க்கும் இடையில் 4.493409458 என்று நேர்மையான மூலம் வரும். முக்கோணவியல் வரும் எந்தச் சமன்பாட்டிலும் திரையில் ‘ரேட்’ (ரேடியன்) என்ற அடையாளம் எரிகிறதா என்று பாருங்கள். காஸ் ம = ம என்பதற்கு ரேடியனில் விடை 0.7390851332, டிகிரியில் இருந்தால் 0.99984774 என்று இன்னொரு ‘விடை’ வரும். இசட்டும் பூஜ்யம் காட்டும். கால்குலேட்டர் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

சமன்பாட்டை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பண விஷயத்திலிருந்தே ஒரு கணக்கு. 2,00,000 ரூபாய் வண்டிக் கடன், 10 சதவீதம் ‘ஃபிளாட் ரேட்’ (தவணை கட்டக் கட்டக் குறையாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி), மூன்று வருடம். வட்டி 60,000, மொத்தம் 2,60,000, 36 மாதத்துக்கு மாதம் 7,222.22. உண்மையான வட்டி விகிதம் என்ன? மாத வட்டி ம என்றால்,

2,00,000 × ம = 7,222.22 × (1 − (1 + ம)⁻³⁶)

இதை அப்படியே சால்வுக்குக் கொடுத்தால், பலருக்கு வருவது போல, விடை 0 என்று வரலாம். ம = 0 இந்தச் சமன்பாட்டை நிறைவு செய்கிறதே! இருபுறத்தையும் ம-வால் பெருக்கிய பாவம் அது. பெருக்காத வடிவத்துக்குத் திரும்புங்கள்: (1 − (1 + ம)⁻³⁶) ÷ ம = 27.69230769. வலப்புற எண் 2,00,000-ஐத் தவணையால் வகுத்தது. அதை நினைவகம் 0-இல் போட்டுவிட்டு, புரோகிராம் (சிஎச்எஸ் என்பது குறியை மாற்றுவது, ஆர்சிஎல் 0 என்பது நினைவகம் 0-இல் இருப்பதை எடுப்பது):

எல்பிஎல் பி
1
+
3
6
சிஎச்எஸ்
ஒய்-அடுக்கு-எக்ஸ்
சிஎச்எஸ்
1
+
எக்ஸ்-ஒய் மாற்று
÷
ஆர்சிஎல் 0
−
ஆர்டிஎன்

இங்கும் கடைசியில் வகுக்க வேண்டிய ம, அடுக்கின் மேல்தளத்தில் தானாகவே காத்திருக்கிறது. ‘.01 என்டர் .02’ கொடுங்கள், அந்த இரண்டு முனையிலும் ச(ம) முறையே +2.415, −2.203. விடை சுமார் 0.014931, அதாவது மாதம் 1.4931 சதவீதம், பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 17.92 சதவீதம். பத்து என்று சொல்லி விற்ற கடன் இது. விடையின் கடைசி இலக்கங்களை மட்டும் நம்ப வேண்டாம். 1 + ம என்று கூட்டும்போது திரையின் பத்து இலக்கத்தில் முதலிடத்தை 1 பிடித்துக்கொள்கிறது. ம-வின் வால் வெட்டுப்படுகிறது. எட்டுப் பொருளுள்ள இலக்கம் வரைதான் ம-வில் மிச்சம். வட்டிக்கு அது தாராளம்.

இனி உங்கள் நியூட்டன் புரோகிராம். நிற்காமல் ஓடுவதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, முறையே சுற்றிச் சுற்றி வருவது. ம³ − 2ம + 2 = 0 என்பதை 0-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். ச(0) = 2, வகைக்கெழு −2; அடுத்த மதிப்பு 0 − 2 ÷ (−2) = 1. ச(1) = 1, வகைக்கெழு 1; அடுத்தது 1 − 1 = 0. மறுபடி 1, மறுபடி 0. பாட்டரி தீரும் வரை இதேதான். மூலம் −1.769292354-இல் இருக்கிறது, −2-இலிருந்து தொடங்கியிருந்தால் சட்டென்று வந்திருக்கும். ஆகவே எந்த நியூட்டன் புரோகிராமிலும் சுற்றுக்கு உச்சவரம்பு வேண்டும். 15சி-யில் ‘ஐ’ நினைவகத்தில் 30 போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் டிஎஸ்இ ஐ (அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்கும் கட்டளை) கொடுத்தால் முப்பதோடு நின்றுவிடும். ஒழுங்கான சமன்பாட்டுக்குப் பத்துச் சுற்றே அதிகம்.

இரண்டாவது காரணம், நிறுத்தும் நிபந்தனை. பலர் ச(ம)-வின் அளவு 10⁻⁶-க்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதுகிறார்கள். மேலே சொன்ன கடனையே ரூபாயில் எழுதினால், 7,222.22 பெருக்கல் ஏதோ ஒன்று கழித்தல் 2,00,000. பத்து இலக்கத்தில் 2,00,000-ஐ எழுதினால் 200000.0000, கடைசி இடம் 0.0001. கழித்தால் வரும் விடை சரியாக 0 ஆகவோ, 0.0001-இன் மடங்காகவோதான் இருக்க முடியும். இடைப்பட்ட எண்ணே கிடையாது. 10⁻⁶ என்ற வாசலுக்குள் நுழைய அதிர்ஷ்டம்தான் வேண்டும். இதற்கு நேர்மாறாக, ச(ம) இயல்பிலேயே 10⁻⁸ அளவில் இருக்கும் சமன்பாட்டுக்கு முதல் சுற்றிலேயே ‘விடை கிடைத்தது’ என்று நின்றுவிடும். உங்களுக்குப் பொருந்தாத விடை வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். ச(ம)-வைப் பார்க்காமல், இந்தச் சுற்றில் ம எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்: நகர்ந்த அளவு, ம-வின் அளவில் 10⁻⁹ பங்குக்குக் கீழே போனால் நிறுத்தலாம். மூலம் பூஜ்யமாகவே இருக்கக்கூடும் என்றால் அதற்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச எல்லை போட வேண்டும்.

வகைக்கெழுவை எண்வழியில் கணக்கிட்டிருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. ம-வைச் சற்றுத் தள்ளி ச(ம)-வை மறுபடி கணக்கிட்டு வித்தியாசத்தை வகுக்கும்போது, தள்ளும் அளவு சிறிதாக இருந்தால் நல்லது என்று 10⁻⁹ போடுகிறார்கள். பத்து இலக்கக் கருவியில் அந்தக் கழித்தலில் எல்லா இலக்கமும் அடித்துப்போய், மிஞ்சுவது வெறும் சுருக்கப் பிழை. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் ம-வின் 10⁻⁵ பங்கு, இரு பக்கமும் தள்ளினால் 10⁻³ பங்குக்குச் சற்றுக் கீழே, அதுதான் பொருத்தம்.

இரட்டை மூலம் தனிக்கதை. ம² − 2ம + 1-ஐ (ம − 2) × ம + 1 என்று புரோகிராம் செய்து 1.000005-ஐப் போட்டுப் பாருங்கள். (−0.999995) × 1.000005 = −0.999999999975. பத்து இலக்கத்துக்குச் சுருக்கினால் −1. ஒன்றைக் கூட்டினால் சரியாக 0. கால்குலேட்டரின் கண்ணில் 1.000005-உம் மூலம்தான்! பத்து இலக்கத்தில் பாதி, ஐந்து இலக்கம்தான் நம்பலாம். எந்த முறையைப் போட்டாலும் இந்த வடிவத்தில் அதற்கு மேல் வராது. நியூட்டன் முறையும் இங்கே சுற்றுக்குப் பாதிப் பாதியாகத்தான் நெருங்கும். சார்பு அச்சைத் தொட்டுத் திரும்புவதால் குறியும் மாறாது. இப்படிச் சந்தேகம் வந்தால் வகைக்கெழுவின் மூலத்தைத் தேடுங்கள். அது சாதாரண மூலம், முழுத் துல்லியத்தோடு வரும். பிறகு அந்த இடத்தில் ச(ம) பூஜ்யமா என்று பார்த்தால் போதும்.

எரர் 8-க்கும் இதற்கும் நெருங்கிய உறவு. சால்வ் தேடித் தேடி, சார்பு பூஜ்யத்துக்கு அருகே வந்து திரும்பிப் போவதையே பார்த்தால், மூலம் கிடைக்கவில்லை என்று எரர் 8 காட்டும். ம² + 1 போட்டால் வருவது அதுதான். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தி அதைக் கலைத்தபின் எக்ஸ், ஒய், இசட்டைப் பாருங்கள். தேடல் எங்கே மாட்டிக்கொண்டது என்று அவை சொல்லும். இசட்டில் 1 போன்ற எண் இருந்தால் அது சார்பின் பள்ளம். உண்மையிலேயே மூலம் இல்லை, அல்லது வேறெங்கோ இருக்கிறது. இசட்டில் மிக மிகச் சிறிய எண் இருந்தால் இரட்டை மூலமாக இருக்கலாம். எரர் 0 வந்தால் அது வேறு: உங்கள் புரோகிராமுக்குள் பூஜ்யத்தால் வகுத்தல் போன்ற ஆகாத கணக்கு நடந்திருக்கிறது. கடன் கணக்கில் ஆரம்ப மதிப்பாக 0 கொடுத்தால் இதுதான் வரும்.

சால்வ் இல்லாத புரோகிராம் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் நியூட்டனை விட்டுவிட்டு இல்லினாய் முறையை எழுதிக்கொள்வது நல்லது. வகைக்கெழு வேண்டாம், மூலம் வேலிக்குள்ளேயே இருக்கும், சுற்றுக்கு ஒரே ஒரு சார்புக் கணக்கு. நான்கு நினைவகம் போதும்: பழைய முனை, அதன் சார்பு மதிப்பு, புதிய முனை, அதன் சார்பு மதிப்பு. இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடு அச்சை வெட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சார்பைக் கணக்கிடுங்கள். அதன் குறி புதிய முனையின் குறிக்கு எதிராக இருந்தால், புதிய முனையைப் பழையதன் இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரே குறியாக இருந்தால் பழைய முனையை அப்படியே வைத்து, அதன் சார்பு மதிப்பை மட்டும் பாதியாக்குங்கள். இரண்டு வழியிலும் இப்போது கண்டுபிடித்த புள்ளி புதிய முனை ஆகிறது. இவ்வளவுதான்.

அந்தப் ‘பாதியாக்கு’ என்ற ஒரு வரி என்ன செய்கிறது என்று ம³ − 2ம − 5-இல் பாருங்கள். அது இல்லாத ரெகுலா ஃபால்சி முறை 2.0588, 2.0813, 2.0896, 2.0927, 2.0939, 2.0943 என்று ஊர்ந்து போகும். வளைவு ஒரே பக்கம் குழிந்திருப்பதால் 3 என்ற முனை கடைசிவரை நகரவே நகராது. பாதியாக்கினால் 2.0588, 2.1027, 2.09439, 2.09455. இரண்டாம் சுற்றிலேயே மூலத்தைத் தாண்டி மறுபக்கம் விழுந்து, 3-ஐத் தூக்கி எறிந்துவிடுகிறது. வேலியைச் சுற்றுக்குச் சுற்று பாதியாக்கும் இருசமக்கூறிடல் முறையில் அகலம் 1-இலிருந்து 10⁻¹⁰-க்குச் சுருங்க 34 சுற்று வேண்டும். அது தோற்காது, ஆனால் மெதுவான பழைய கருவியில் பொறுமையைச் சோதிக்கும்.

எல்லாச் சமன்பாட்டுக்கும் இவ்வளவு ஆயுதம் தேவையில்லை. குழாய் உராய்வுக்கான கோல்புரூக் சமன்பாட்டில் உராய்வுக் கெழுவைத் தேடாமல், அதன் வர்க்கமூலத்தின் தலைகீழை ம என்று வைத்தால், ம = −2 லாக் (சொரசொரப்பு ÷ 3.7 + 2.51 ம ÷ ரெனால்ட்ஸ் எண்). சார்புச் சொரசொரப்பு 0.001, ரெனால்ட்ஸ் எண் 1,00,000 என்று போட்டு 7-இல் தொடங்கினால், வலப்புறத்தையே திரும்பத் திரும்பக் கணக்கிட 6.7014, 6.7161, 6.7154. மூன்றே சுற்று, உராய்வுக் கெழு 0.02217. ஒவ்வொரு சுற்றிலும் பிழை இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது.

தேர்வறையில் புரோகிராம் கால்குலேட்டருக்குப் பொதுவாக அனுமதி இருக்காது. கேசியோ எஃப்எக்ஸ்-991 வகையில் நியூட்டன் செய்ய புரோகிராம் தேவையும் இல்லை. ‘2 =’ போட்டுவிட்டு, முந்தைய விடையைத் தரும் ஆன்ஸ் பட்டனை வைத்து, ஆன்ஸ் − (ஆன்ஸ்³ − 2 ஆன்ஸ் − 5) ÷ (3 ஆன்ஸ்² − 2) என்று ஒருமுறை அடித்து = பட்டனை மட்டும் தட்டிக்கொண்டே இருங்கள்: 2.1, 2.094568121, 2.094551482. ஒவ்வொரு தட்டலும் விடைத்தாளில் எழுத வேண்டிய ஒரு சுற்று. அதன் இஎஸ் வகையில் இருக்கும் சால்வும் நியூட்டன் முறைதான்; விடைக்குக் கீழே ‘எல்−ஆர்’ என்று காட்டுவது இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உள்ள வித்தியாசம், 15சி-யின் இசட்டைப் போல. அதைப் படிக்காமல் விடையை எழுத வேண்டாம்.

பல்லுறுப்புக்கோவையில் மீதி மூலங்களும் வேண்டுமென்றால், கிடைத்த மூலத்தால் தொகுமுறை வகுத்தல் செய்து படியைக் குறையுங்கள். ம³ − 2ம − 5-இல் மீதி ம² + 2.094551 ம + 2.387146, தன்மைகாட்டி கழித்தல் குறி, ஆக மற்ற இரண்டும் கலப்பெண்கள்: மெய்ப்பகுதி −1.0473, கற்பனைப்பகுதி ±1.1359. படி நான்கு, ஐந்து என்று போனால் அளவில் சிறிய மூலத்திலிருந்து தொடங்கி வகுத்துக்கொண்டே வாருங்கள். வகுத்து வகுத்துக் கிடைத்த ஒவ்வொரு மூலத்தையும் ஆரம்ப மதிப்பாகக் கொண்டு, முதலில் இருந்த முழுச் சமன்பாட்டில் இன்னொரு முறை நியூட்டன் ஓட்டித் திருத்திக்கொள்ளுங்கள். முந்தைய மூலங்களின் சுருக்கப் பிழை எல்லாம் கடைசி மூலத்தின் தலையில்தான் வந்து சேர்ந்திருக்கும்.